மீயுரைக் குறியிடு மொழியில் தமிழ் வலைப்பக்கம்

மீயுரைக் குறியிடு மொழி அல்லது எச்.டி.எம்.எல் என்பது வலைப்பக்கங்களை எழுதப் பயன்படும் குறியிடு மொழியாகும். ஒரு பக்கத்திலுள்ள உரையில் எது தலைப்பு, எது பத்தி, எது பட்டியல், எது பிறிதொரு பக்கத்துக்கான இணைப்பு என்பவற்றை இம்மொழி உலாவிக்கு அறிவிக்கிறது. இது நிரல்மொழி அன்று. இதில் கணக்கீடுகளோ நிபந்தனைகளோ இல்லை. எளிய உரைத்தொகுப்பி ஒன்றும் உலாவி ஒன்றும் இருந்தால் இதனைக் கற்கத் தொடங்கலாம். பயிற்சிக்கு இணைய இணைப்பும் தேவையில்லை.

தமிழில் எழுதுவோருக்கு இம்மொழியின் அடிப்படைகள் கூடுதலான ஒரு காரணத்தாலும் முக்கியமானவை. 1990களில் உருவாக்கப்பட்ட தமிழ்ப் பக்கங்கள் பல, இன்றைய உலாவியில் திறந்தால் பொருளற்ற இலத்தீன் எழுத்துகளாகவே தோன்றுகின்றன. அவற்றின் உரை தமிழாகச் சேமிக்கப்படவில்லை. தமிழ்போலத் தோற்றமளிக்கும்படி மட்டுமே செய்யப்பட்டது. ஒரு பக்கத்தின் பொருளுக்கும் அதன் தோற்றத்துக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தவர் எழுதும் பக்கம், எழுத்துருக்களும் கணினிகளும் மாறிய பின்னரும் படிக்கத்தக்கதாக இருக்கும்.

இக்கட்டுரை திருவள்ளூர் மாவட்டத்திலுள்ள வேப்பம்பட்டு என்னும் ஊரைப் பற்றிய சிறு பக்கம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு இம்மொழியின் அடிப்படைகளை விளக்குகிறது.

கலைச்சொற்கள்

கோணக் குறிகளுக்குள் எழுதப்படும் கட்டளைச் சொல் குறிச்சொல் எனப்படும். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இதற்கு ஒட்டு என்னும் சொல் வழங்குகிறது. பேச்சு வழக்கில் டேக் என்பர். தொடக்கக் குறிச்சொல், உள்ளடக்கம், முடிவுக் குறிச்சொல் ஆகிய மூன்றும் சேர்ந்தது உறுப்பு ஆகும். தொடக்கக் குறிச்சொல்லுக்குள் தரப்படும் கூடுதல் விவரம் பண்பு எனப்படும்.

குறிச்சொற்களின் பெயர்கள் ஆங்கிலச் சொற்கள் அல்லது அவற்றின் சுருக்கங்கள் ஆகும். இக்கட்டுரையில் அவை ஒலிப்புக்கேற்பத் தமிழ் எழுத்தில் தரப்படுகின்றன. கோப்பில் எழுதும்போது அவற்றை ஆங்கில எழுத்துகளிலேயே இட வேண்டும். இடக் கோணக் குறியை அடுத்து ஆங்கில எழுத்து வந்தால்தான் உலாவி அதைத் தொடக்கக் குறிச்சொல்லாகக் கொள்ளும். தமிழ் எழுத்து வந்தால் அதனை வெறும் உரையாகவே காட்டும். குறிச்சொற்களுக்கு இடையிலான உள்ளடக்கம் எம்மொழியிலும் இருக்கலாம்.

தோற்றமும் வளர்ச்சியும்

சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள சேர்ன் அணுத்துகள் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிம் பேர்னர்ஸ்-லீ, ஆய்வாளர்களின் ஆவணங்களை ஒன்றோடொன்று இணைக்கும் முறைமை ஒன்றை 1989 இல் முன்மொழிந்தார். அதற்கான குறியிடு மொழியின் முதல் விளக்கம் 1991 இல் வெளியானது. அதில் 18 உறுப்புகளே விவரிக்கப்பட்டிருந்தன. தலைப்பு, பத்தி, பட்டியல், இணைப்பு ஆகியவை அப்போதே இருந்தன. எழுத்துருவையோ நிறத்தையோ குறிக்கும் உறுப்பு எதுவும் இல்லை.

வணிக உலாவிகள் பெருகியபோது அவற்றை உருவாக்கிய நிறுவனங்கள் தத்தம் குறிச்சொற்களைச் சேர்த்தன. எழுத்தின் வடிவத்தையும் நிறத்தையும் குறிக்கும் ஃபாண்ட் என்னும் குறிச்சொல் அவ்வாறு வந்ததே. 1994 இல் நிறுவப்பட்ட உலகளாவிய வலைச் சேர்த்தியம், 1997 சனவரியில் வெளியிட்ட 3.2 ஆம் பதிப்பில் இக்குறிச்சொல்லை ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பரில் வெளியான 4.0 பதிப்பு, அதனைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தியது. தோற்றத்தைக் குறிக்க சி.எஸ்.எஸ் எனப்படும் நடைத்தாள் மொழி 1996 டிசம்பரிலேயே வெளியாகியிருந்தது. 2014 அக்டோபரில் ஐந்தாம் பதிப்பு பரிந்துரையாக அறிவிக்கப்பட்டது. இப்பொழுது இதன் செந்தரம் பதிப்பு எண் இன்றித் தொடர்ந்து திருத்தப்படும் வாழும் செந்தரமாகப் பேணப்படுகிறது. ஃபாண்ட் குறிச்சொல் அதில் வழக்கொழிந்ததாக வகைப்படுத்தப்பட்டுள்ளது. எனினும் பழைய பக்கங்களுக்காக உலாவிகள் அதனை இன்றும் புரிந்துகொள்கின்றன.

பக்கத்தின் அடிப்படை அமைப்பு

முழுமையான மிகச் சிறிய பக்கம் ஒன்று பின்வருமாறு அமையும்:

<!டாக்டைப் எச்டிஎம்எல்>
<எச்டிஎம்எல் லாங்="டிஏ">
<ஹெட்>
<மெட்டா சார்செட்="யுடிஎஃப்-8">
<டைட்டில்>வேப்பம்பட்டு</டைட்டில்>
</ஹெட்>
<பாடி>
<எச்1>வேப்பம்பட்டு</எச்1>
<பி>வேப்பம்பட்டு, திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள ஓர் ஊர்.</பி>
</பாடி>
</எச்டிஎம்எல்>

முதல் வரி, இக்கோப்பு செந்தரத்தைப் பின்பற்றும் பக்கம் என உலாவிக்கு அறிவிக்கிறது. இவ்வரி இல்லாவிடில் உலாவி பழைய பக்கங்களுக்கான இணக்க முறைக்கு மாறிவிடும். அளவுகளும் இடைவெளிகளும் எதிர்பாராத வகையில் அமையக்கூடும்.

இரண்டாம் வரி முழுப் பக்கத்தையும் உள்ளடக்கும் உறுப்பைத் தொடங்குகிறது. அதிலுள்ள லாங் என்னும் பண்பு பக்கத்தின் மொழியைக் குறிக்கும். டி, ஏ ஆகிய இரண்டு ஆங்கில எழுத்துகளும் சேர்ந்தது தமிழுக்கான பன்னாட்டு மொழிக்குறியீடு ஆகும்.

ஹெட் என்னும் தலைப்பகுதியில் பக்கத்தைப் பற்றிய செய்திகள் இடம்பெறும். இவை பக்கத்தினுள் காட்டப்படுவதில்லை. டைட்டில் உறுப்பின் உரை உலாவித் தாவலிலும் தேடல் முடிவுகளிலும் தோன்றும். மெட்டா வரி, கோப்பிலுள்ள எண்களை எழுத்துகளாக எவ்வாறு வாசிக்க வேண்டும் என்று கூறுகிறது. இவ்வரி கோப்பின் முதல் 1024 பைட்டுகளுக்குள் வர வேண்டும் என்பது விதி. ஆகவே இதனைத் தலைப்பகுதியின் முதல் வரியாக இடுவது நல்ல பழக்கமாகும்.

பாடி என்னும் உடற்பகுதியில் உள்ளவையே பயனருக்குக் காட்டப்படும்.

திறந்த குறிச்சொல்லை முடிக்கும்போது பெயருக்கு முன் சாய்கோடு இட வேண்டும். ஒன்றினுள் ஒன்றாகத் திறந்தவற்றை, கடைசியில் திறந்ததை முதலில் முடிக்கும் வரிசையில் முடிக்க வேண்டும். மெட்டா, படத்துக்கான ஐஎம்ஜி, வரிமுறிவுக்கான பிஆர் போன்ற சிலவற்றுக்கு உள்ளடக்கம் இல்லை. ஆதலால் முடிவுக் குறிச்சொல்லும் இல்லை.

கோப்பின் பெயரை ஒரு புள்ளியும் எச்டிஎம்எல் என்னும் நான்கு எழுத்துகளும் கொண்டு முடித்துச் சேமித்தால், அதனை எந்த உலாவியிலும் திறக்கலாம்.

உள்ளடக்கத்துக்கான குறிச்சொற்கள்

தலைப்புகள்

எச்1 முதல் எச்6 வரை ஆறு நிலைத் தலைப்புகள் உள்ளன. எச்1 பக்கத்தின் முதன்மைத் தலைப்பு, எச்2 அதன் பிரிவு, எச்3 உட்பிரிவு. எழுத்து பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக எச்1 ஐயோ, சிறிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக எச்4 ஐயோ தேர்தல் தவறாகும். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைபடிப்பான், தலைப்புகளை மட்டும் தாவித் தாவி வாசிக்கும் வசதி உடையது. நூலின் பொருளடக்கம் ஆற்றும் பணியை அவர்களுக்கு இத்தலைப்பு நிலைகளே ஆற்றுகின்றன.

பத்தி

பி என்னும் ஒற்றை எழுத்து பத்தியைக் குறிக்கும். கோப்பில் எத்தனை வெற்று வரிகள் விட்டாலும் உலாவி அவற்றை ஒரே இடைவெளியாகச் சுருக்கிவிடும். ஆகவே பத்தி பிரிவதற்கு வெற்று வரி போதாது, குறிச்சொல் வேண்டும். பாடல் அடிகளைப் போல வரி முறிய வேண்டிய இடங்களில் பிஆர் பயன்படும்.

பட்டியல்

வரிசை எண் உள்ள பட்டியலுக்கு ஓஎல், எண் இல்லாத பட்டியலுக்கு யூஎல், பட்டியலின் ஒவ்வோர் உருப்படிக்கும் எல்ஐ என்பன குறிச்சொற்களாகும். சென்னை–அரக்கோணம் புறநகர் இருப்புப்பாதையில் ஆவடியிலிருந்து திருவள்ளூர் வரையுள்ள நிலையங்களைக் கொண்டு இவற்றின் வேறுபாட்டை உணரலாம். ஆவடி, இந்து கல்லூரி, பட்டாபிராம், நெமிலிச்சேரி, திருநின்றவூர், வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை சாலை, புட்லூர், திருவள்ளூர் என்பது அவ்வரிசை. இங்கு வரிசை பொருள் உடையது. வேப்பம்பட்டு திருநின்றவூருக்கு அடுத்தது என்பதே பயணிக்கு வேண்டிய செய்தி. எனவே இது ஓஎல் பட்டியல் ஆகும். ஊரிலுள்ள கடைகளின் பட்டியலில் முன்பின் என்பது பொருளற்றது. அது யூஎல் பட்டியல் ஆகும்.

ஓஎல் பயன்படுத்தும்போது எண்களை நாம் இடுவதில்லை, உலாவியே இடுகிறது. இடையில் புதிய நிலையம் ஒன்றைச் சேர்த்தால் எஞ்சியவற்றின் எண்கள் தாமாகவே மாறும்.

இணைப்பு

மீயுரை என்னும் பெயருக்குக் காரணமானது ஏ என்னும் ஒற்றை எழுத்துக் குறிச்சொல்லாகும். அதன் எச்ரெஃப் பண்பு (எச், ஆர், இ, எஃப் என நான்கு எழுத்துகள்) செல்ல வேண்டிய முகவரியைத் தாங்கும். "இங்கே சொடுக்கவும்" என்று எழுதி அதனை இணைப்பாக்குவதைக் காட்டிலும், "திருநின்றவூர் நிலையம்" என்பது போலச் செல்லுமிடத்தைக் கூறும் சொற்களை இணைப்பாக்குதல் சிறந்தது. இணைப்புகளை மட்டும் தனியே கேட்போருக்கும் தேடுபொறிகளுக்கும் அச்சொற்களே வழிகாட்டி.

கோப்புகளுக்குத் தமிழில் பெயரிடலாம். ஆனால் முகவரி பரிமாறப்படும்போது ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியுடன் கூடிய மூன்று எழுத்துகளாக மாற்றப்படும். வேப்பம்பட்டு என்னும் பெயர் அவ்வாறு 108 எழுத்துகளாக நீளும். தமிழ்க் கலைக்களஞ்சியப் பக்கமொன்றின் முகவரியை நகலெடுத்து மின்னஞ்சலில் ஒட்டும்போது நீண்ட எழுத்துச் சரம் தோன்றுவது இதனால்தான். அது பிழை அன்று. சொடுக்கினால் உரிய பக்கமே திறக்கும்.

படம்

ஐஎம்ஜி குறிச்சொல்லின் எஸ்ஆர்சி பண்பு படக்கோப்பின் இடத்தையும், ஆல்ட் பண்பு (ஏ, எல், டி) படத்துக்கு மாற்றான உரையையும் தரும். படம் திறக்காதபோதும் திரைபடிப்பான் வாசிக்கும்போதும் ஆல்ட் உரையே படத்தின் இடத்தில் நிற்கும். தமிழ் உரையையே படமாக்கிப் பக்கத்தில் இடும் வழக்கம் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. அவ்வாறு இடப்பட்ட செய்தியைத் தேடவும் நகலெடுக்கவும் இயலாது. ஆல்ட் உரையும் இல்லையெனில் கேட்கவும் இயலாது.

அட்டவணை

டேபிள் என்பது அட்டவணையையும், டிஆர் வரிசையையும், டிஎச் தலைப்புக் கட்டத்தையும், டிடி தரவுக் கட்டத்தையும் குறிக்கும். தொடர்வண்டி நேரம் போன்ற, வரிசையும் நெடுவரிசையும் பொருள் தரும் தரவுகளுக்கே அட்டவணை உரியது. பக்கத்தை இரண்டு மூன்று பத்திகளாகப் பிரித்து அடுக்குவதற்கு அட்டவணையைப் பயன்படுத்திய பழைய வழக்கம், இன்று நடைத்தாளால் தேவையற்றதாகிவிட்டது.

பொருளும் தோற்றமும்

மேற்கண்ட குறிச்சொற்கள் எல்லாம் உரை எத்தகையது என்பதைக் கூறுகின்றனவே அன்றி, எவ்வாறு தோன்ற வேண்டும் என்பதைக் கூறவில்லை. தோற்றம் நடைத்தாளுக்கு உரியது. இப்பிரிவினையால் ஒரே உள்ளடக்கத்தைக் கைப்பேசித் திரைக்கும் அச்சுத் தாளுக்கும் செவிவழிக் கேட்போருக்கும் ஏற்ப வெவ்வேறாக வழங்க முடிகிறது.

அழுத்தம் தருவதற்கான ஸ்ட்ராங், இஎம் ஆகிய குறிச்சொற்கள் இதற்கு நல்ல சான்று. இஎம் உறுப்பை உலாவிகள் வழக்கமாகச் சாய்வெழுத்தில் காட்டும். சாய்வெழுத்து இலத்தீன் அச்சு மரபைச் சேர்ந்தது. தமிழ் அச்சு மரபில் தடித்த எழுத்தே அழுத்தத்துக்கு வழங்கி வந்துள்ளது. குறிச்சொல்லை மாற்றாமலே, தமிழ்ப் பக்கத்தில் இஎம் உறுப்பு தடித்த எழுத்தில் தோன்றுமாறு நடைத்தாளில் ஒரே விதி எழுதிவிடலாம்.

எழுத்துருவை நம்பிய தமிழ்ப் பக்கங்கள்

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகத்து 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனத்தால் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் தமிழ் வலைப்பக்கங்கள் வெளியாயின. அக்காலத்து இயங்குதளங்களுக்கும் உலாவிகளுக்கும் தமிழ் எழுத்துகள் தெரியா. ஆகவே இலத்தீன் எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்த எழுத்துருக்கள் உருவாக்கப்பட்டன. பக்கத்தில் உண்மையில் இருப்பவை இலத்தீன் எழுத்துகள். ஃபாண்ட் குறிச்சொல் அவற்றுக்குத் தமிழ் எழுத்துருவை அணிவிக்கும்.

ஈழத்தமிழர்களிடமும் புலம்பெயர்ந்தோரிடமும் பரவலாக வழங்கிய பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். அதில் வேப்பம்பட்டு என்னும் சொல்லைத் தட்டச்சிட்டால் கோப்பில் சேர்வன பேரெழுத்து என், டி, ஜி, அரைப்புள்ளி, ஜி, கே, அரைப்புள்ளி, ஜி, எல், அரைப்புள்ளி, பேரெழுத்து எல் என்னும் 11 குறிகள் ஆகும். எழுத்துரு நிறுவப்பட்ட கணினியில் இது ஊர்ப்பெயராகத் தெரியும். ஏனைய கணினிகளில் இக்குறிகளே தெரியும். தேடுபொறிக்கும் இவையே தெரியும்.

இம்முறையால் குறியிடு மொழியோடு நேரடி மோதலும் ஏற்பட்டது. பாமினியில் ஈ என்னும் எழுத்து, இடக் கோணக் குறியின் இடத்தில் அமைந்துள்ளது. ஈழம் என்று எழுதினால் கோப்பில் கோணக் குறியும் அதனை அடுத்து ஓ என்னும் ஆங்கில எழுத்தும் வரும். உலாவி அதனைக் குறிச்சொல்லின் தொடக்கமாகக் கருதி, அடுத்த வலக் கோணக் குறி வரையுள்ள உரையைக் காட்டாமல் விட்டுவிடும். இதனைத் தவிர்க்கக் கோணக் குறிக்குப் பதிலாக உம்மைக்குறி, எல், டி, அரைப்புள்ளி ஆகிய நான்கு குறிகளைத் தொடர்ந்து இட வேண்டும். குறியிடு மொழியைப் பற்றியே தமிழில் எழுதும்போது, கோணக் குறிகளைத் திரையில் காட்ட இன்றும் இதே வழி பயன்படுகிறது.

வெவ்வேறு இதழ்களும் தளங்களும் வெவ்வேறு எழுத்துருக்களைக் கையாண்டதால், ஒரு தளத்தைப் படிக்க நிறுவிய எழுத்துரு மற்றொரு தளத்துக்கு உதவவில்லை. இக்குழப்பத்தைத் தீர்க்கும் முயற்சிகளில் ஒன்று, மின்னஞ்சல் வழிக் கலந்துரையாடலில் உருவான திஸ்கி குறியேற்றம் ஆகும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட்99 மாநாடு டாம், டாப் என்னும் குறியேற்றங்களுக்கும் தமிழ்99 விசைப்பலகைக்கும் வழிவகுத்தது. சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் திஸ்கியில் மின்னூல்களாக்கியது. பின்னர் ஒருங்குறியிலும் வெளியிட்டது.

ஒருங்குறியும் யுடிஎஃப்-8 அறிவிப்பும்

உலக மொழிகளின் எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் தனி எண் வழங்கும் ஒருங்குறித் தரத்தில், 1991 இல் வெளியான முதற்பதிப்பு முதலே தமிழ் இடம்பெற்றுள்ளது. தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட தொகுதி ஒதுக்கப்பட்டுள்ளது. விண்டோசு 2000 இயங்குதளம் ஒருங்குறித் தமிழுக்கான ஆதரவுடனும் லதா எழுத்துருவுடனும் வந்தது. 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா முழுவதும் ஒருங்குறியிலேயே வளர்ந்தது. தமிழ்நாடு அரசு 2010 இல் ஒருங்குறியையும் 16 பிட்டு அனைத்தெழுத்துக் குறியேற்றத்தையும் தரமாக ஏற்றது.

நம் எடுத்துக்காட்டுச் சொல் ஒருங்குறியில் எவ்வாறு சேமிக்கப்படுகிறது என்பதைக் காண்போம். தமிழ் மரபுப்படி அதில் வே, ப், ப, ம், ப, ட், டு என 7 எழுத்துகள் உள்ளன. ஒருங்குறியில் வ, ஏகாரக் குறி, ப, புள்ளி, ப, ம, புள்ளி, ப, ட, புள்ளி, ட, உகரக் குறி என 12 குறியெண்கள் ஆகும். கண்ணுக்கு ஏகாரக் கொம்பு வகரத்தின் இடப்புறம் தெரிந்தாலும், கோப்பில் வகரமே முதலில் வரும். எழுதும் வரிசை வேறு, ஒலிக்கும் வரிசை வேறு. ஒருங்குறி ஒலிக்கும் வரிசையைப் பின்பற்றுகிறது. திஸ்கியில் கொம்பு முன்னும் வகரம் பின்னுமாகச் சேமிக்கப்பட்டது.

யுடிஎஃப்-8 என்பது ஒருங்குறி எண்களைப் பைட்டுகளாக எழுதும் முறையாகும். அதில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணுக்கும் 3 பைட்டுகள் தேவை. ஆகவே வேப்பம்பட்டு 36 பைட்டுகள் ஆகிறது. அதே சொல் திஸ்கியில் 8 பைட்டுகளிலும் பாமினியில் 11 பைட்டுகளிலும் அடங்கியது. தொலைபேசி வழி இணைப்புகள் மெதுவாக இயங்கிய காலத்தில் இவ்வளவு வேறுபாடு ஒருங்குறிக்கு எதிரான வாதமாக எடுத்துரைக்கப்பட்டது. எனினும் பக்கத்தின் குறிச்சொற்கள் இம்மூன்று முறைகளிலும் எழுத்துக்கு ஒரு பைட்டு அளவினவே. மேலும் வழங்கிகள் பக்கங்களைச் சுருக்கி அனுப்புவதால் நடைமுறை வேறுபாடு மிகக் குறைகிறது. இன்றைய செந்தரம் எல்லாப் பக்கங்களும் யுடிஎஃப்-8 இல் அமைய வேண்டும் என விதிக்கிறது.

மெட்டா வரியில் யுடிஎஃப்-8 என்று எழுதினால் மட்டும் போதாது. கோப்பும் அம்முறையிலேயே சேமிக்கப்பட வேண்டும். பழைய விண்டோசு நோட்பேட் செயலி ஆன்சி என்னும் முறையிலேயே இயல்பாகச் சேமித்தது. 2019 இல் வெளியான பதிப்பு முதல் யுடிஎஃப்-8 அதன் இயல்பு முறையாயிற்று.

மொழிப் பண்பின் பயன்

லாங் பண்பை இடாவிட்டாலும் பக்கம் திரையில் சரியாகவே தெரியும். ஆகவே பலர் இதனை விட்டுவிடுகின்றனர். ஆயினும் திரைபடிப்பான் எம்மொழிக் குரலில் வாசிக்க வேண்டும் என்பதை இப்பண்பைக் கொண்டே முடிவு செய்கிறது. ஆங்கிலப் பக்கத்தை நகலெடுத்துத் தமிழாக்கும்போது, ஆங்கில மொழிக்குறியீடு அப்படியே தங்கிவிடுவதும் உண்டு. அப்பக்கத்தை ஆங்கிலக் குரல் வாசிக்க முயன்றால் கேட்போருக்கு எதுவும் விளங்காது. தமிழ்ப் பக்கத்தினுள் ஓர் ஆங்கில மேற்கோள் வந்தால், அப்பத்திக்கு மட்டும் ஆங்கிலக் குறியீட்டைத் தனியே தரலாம்.

பழுதுகளை இனங்காணல்

தமிழ்ப் பக்கம் சரியாகத் தெரியாதபோது, திரையில் தெரிவதைக் கொண்டே காரணத்தைப் பெரும்பாலும் அறியலாம்.

1. வெற்றுக் கட்டங்கள் தெரிதல்: கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை. உரைக்குச் சேதம் இல்லை. தமிழ் எழுத்துரு ஒன்றை நிறுவினால் போதும்.

2. தலையில் சாய்குறி இட்ட ஆங்கிலச் சிற்றெழுத்து ஏ மீண்டும் மீண்டும் வருதலும், அதனை அடுத்து வட்டத்துள் ஆர் அல்லது மேற்கோடு வருதலும்: யுடிஎஃப்-8 உரை, மேற்கு ஐரோப்பியக் குறியேற்றமாக வாசிக்கப்படுகிறது. தமிழ்த் தொகுதியின் ஒவ்வொரு குறியெண்ணும் ஒரே பைட்டில் தொடங்குவதால் இந்த ஒழுங்கு தோன்றுகிறது. உரைக்குச் சேதம் இல்லை. மெட்டா வரியைச் சேர்க்க வேண்டும். அது இருந்தும் பழுது நீங்காவிடில் வழங்கியின் அமைப்பைப் பார்க்க வேண்டும். வழங்கி அனுப்பும் குறியேற்ற அறிவிப்பு, பக்கத்திலுள்ள மெட்டா வரியை மீறும்.

3. தொடர்பற்ற ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் தெரிதல்: பாமினி போன்ற பழைய எழுத்துருவில் எழுதப்பட்ட பக்கம். உரிய மாற்றியைக் கொண்டு ஒருங்குறிக்கு மாற்றலாம்.

4. கேள்விக்குறிகள் மட்டும் தெரிதல்: தமிழ் எழுத்துகளை ஏற்காத முறையில் கோப்போ தரவுத்தளமோ சேமிக்கப்பட்டுவிட்டது. ஒவ்வோர் எழுத்தின் இடத்திலும் கேள்விக்குறியே எழுதப்பட்டுவிட்டதால், அக்கோப்பிலிருந்து மூல உரையை மீட்க இயலாது. வேறு படி இருந்தால்தான் உண்டு.

முதல் மூன்றில் உரை இன்னும் உள்ளது, நான்காவதில் இல்லை. எனவே புதிய உரைத்தொகுப்பி ஒன்றைப் பயன்படுத்தும்போது, ஒரு வரி தமிழில் எழுதிச் சேமித்து மூடி, மீண்டும் திறந்து பார்த்த பின்னரே நீண்ட உரையை எழுதத் தொடங்குதல் வேண்டும்.

பழைய பக்கங்களை மாற்றுதல்

பழைய எழுத்துருவில் உள்ள பக்கத்தை ஒருங்குறிக்கு மாற்றுவோர் வரிசைமுறை ஒன்றைப் பின்பற்ற வேண்டும். வழக்கொழிந்தது என்பதற்காக ஃபாண்ட் குறிச்சொற்களை முதலில் நீக்கிவிடலாகாது. தமிழும் ஆங்கிலமும் கலந்த பக்கத்தில் இரண்டும் ஒரே இலத்தீன் எழுத்துகளாகவே சேமிக்கப்பட்டுள்ளன. எப்பகுதி தமிழ், எப்பகுதி ஆங்கிலம் என்பதைக் காட்டும் ஒரே தடயம் அக்குறிச்சொல்தான். எவ்வெழுத்துருவின் அட்டவணைப்படி மாற்ற வேண்டும் என்பதையும் அதிலுள்ள எழுத்துருப் பெயரே கூறுகிறது.

ஆகவே மூலக் கோப்பின் படியொன்றைத் தொடாமல் வைத்துக்கொண்டு, ஃபாண்ட் குறிச்சொல் அடைத்த பகுதிகளை மட்டும் மாற்றி, மெட்டா வரியையும் லாங் பண்பையும் சேர்த்து, அதன் பின்னரே ஃபாண்ட் குறிச்சொற்களை நீக்க வேண்டும். இறுதியில் ஏகாரம், ஒகரம், ஔகாரம் வரும் சொற்களைச் சரிபார்த்தல் நன்று. கொம்பின் வரிசை மாறுவதால் பிழைகள் பெரும்பாலும் இவற்றிலேயே நேர்கின்றன.

கற்கும் முறை

தமிழ்நாட்டில் 11 ஆம் வகுப்பின் கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் இம்மொழி கற்பிக்கப்படுகிறது. அதன் பாடநூல் தமிழ் வழியிலும் உள்ளது. தாமே கற்போர் தம் ஊரைப் பற்றிய ஒரு பக்கத்தை எழுதத் தொடங்குவது பயனுள்ள பயிற்சியாகும். முதல் நாளில் அடிப்படை அமைப்பும் ஒரு தலைப்பும் ஒரு பத்தியும் போதும். அடுத்து நிலையங்களின் பட்டியல், பக்கத்து ஊர்களுக்கான இணைப்புகள், ஆல்ட் உரையுடன் ஒரு படம், நேர அட்டவணை எனச் சேர்க்கலாம். நடைத்தாளை இவற்றுக்குப் பின்னரே தொடங்குதல் நன்று.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் கோப்பைச் சேமித்து, உலாவியில் பக்கத்தைப் புதுப்பித்துப் பார்க்க வேண்டும். பிற தளங்களின் பக்கங்களை உலாவியின் மூல நிரல் காட்டும் வசதி வழியே திறந்து பார்ப்பதும் நல்ல பாடமாகும். பக்கம் முடிந்ததும் அதனைப் பிறிதொரு கணினியிலும் கைப்பேசியிலும் திறந்து, ஊரின் பெயரை உலாவியின் தேடல் பெட்டியில் தட்டச்சிட்டுத் தேடிப் பார்க்க வேண்டும். பெயர் கிடைத்தால் உரை தமிழாகவே சேமிக்கப்பட்டுள்ளது எனக் கொள்ளலாம்.